சூரியனை நகர்த்திய மதியம்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று வீட்டுக்காரர் சொல்வார். அன்றைக்கு அது மூக்கையும் தாண்டிப் போய்விட்டது.

பதினெட்டு வருஷமாகச் சுவர் எழுதுகிறேன். சிமெண்ட் கம்பெனி, பல் டாக்டர், தையல் கடை என்று யார் யார் பெயரையோ ஆளுயரத்துக்கு எழுதியாயிற்று. என் பெயரை எந்தச் சுவரிலும் எழுதியதில்லை. இந்தக் கோளரங்கத்தில்தான் முதல்முறையாக, "கீழ் மூலையில உங்க பேரைப் போட்டுக்கோங்க" என்றார்கள். முப்பதடிச் சுவர். வேறொரு நட்சத்திரத்தைச் சுற்றும் கோள் ஒன்றில் போய் நின்றால் எப்படியிருக்கும் என்று வரைய வேண்டும்.

அதைப் பற்றி எழுதித் தந்தவர் அங்கேயே வேலை பார்க்கும் விஞ்ஞானி அம்மா. படித்ததும் எனக்கு ஆசை வந்துவிட்டது. அந்தக் கோள் தன் சூரியனுக்கு ஒரே முகத்தைத்தான் காட்டுமாம். ஒரு பாதி என்றைக்கும் பகல், மறுபாதி என்றைக்கும் இரவு. இரண்டும் சேரும் இடத்தில், செக்கச்செவேலென்ற பெரிய சூரியன் தரையைத் தொட்டபடி அப்படியே நிற்கும். எழவும் எழாது, விழவும் விழாது. செடி இருந்தால் கறுப்பாக இருக்கலாம் என்று எழுதியிருந்தார். கறுப்புச் செடி, உறைந்த ஏரி, நாற்பது பாறை என்று மூன்று வாரம் உயிரைக் கொடுத்து வரைந்தேன். சூரியனை வலது மூலையில் வைத்தேன்.

திறப்புவிழாவுக்கு முந்தின நாள் மதியம் விஞ்ஞானி அம்மா பார்க்க வந்தார். "ரொம்ப நல்லா..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"சூரியன் வலது பக்கம் இருக்கே. எல்லா நிழலும் இடது பக்கம்தானே விழணும்? ஏன் பாதி இந்தப் பக்கம் விழுது?"

எனக்குத் திக்கென்றது. நான் எதையும் பார்த்துத்தான் வரைவேன். மேஜையில் நிஜக் கற்களை வைத்துக்கொண்டு, வெளிச்சம் விழும் பக்கமாகச் நான் ஏறி நிற்கும் சாரத்தைத் தள்ளித் தள்ளி வரைந்தேன். காலையில் இடப்பாதி, சாப்பாட்டுக்குப் பிறகு வலப்பாதி. நம் சூரியன் ஜன்னல் விட்டு ஜன்னல் போய்க்கொண்டே இருந்திருக்கிறது. நகராத சூரியனுக்கு நகர்ந்த நிழலை வரைந்து வைத்திருக்கிறேன்!

தப்பு என்னுடையது. அதனால்தான் கோபம் இன்னும் பொத்துக்கொண்டு வந்தது. "நீங்க என்ன, அங்க போய்ப் பார்த்துட்டா வந்தீங்க?"

"இல்லம்மா," என்றார் அவர் பாவமாக. "ஆனா நாளைக்கு வர்ற பிள்ளைங்க கேட்டா நான் என்ன சொல்றது? திருத்த முடியலைன்னா இது மேலேயே வேற படம் பிரிண்ட் போட்ட துணியை மாட்டச் சொல்லிடுவாங்க."

இருபது பாறை. ஒன்றுக்கு ஒரு மணி நேரம் ஆகும்; விடிய விடிய வரைந்தாலும் முடியாது. சாரத்தின் கீழ்ப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மூன்று வார உழைப்பும் போச்சு, பெயரும் போச்சு.

நான் வரையும் முன் சுவரை வழவழப்பாக்கப் பட்டி பூசித் தருகிறவர் என் வீட்டுக்காரர்தான். வாசலில் டீ குடித்துக்கொண்டு சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தா, எதுக்கு இருபது பாறையை மாத்தணும்? ஒரு சூரியனை மாத்தினா ஆகாதா?"

"வந்துட்டாரு பெரிய மேதாவி," என்றேன்.

அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். மேஜைக் கற்களைத் தரையில் வரிசையாகப் பரப்பினார். வரிசைக்குப் பின்னால், நடுவில், செல்போன் டார்ச்சை வைத்தார். ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டார். இடப்பக்கக் கற்களின் நிழல் இடது பக்கமும், வலப்பக்கக் கற்களின் நிழல் வலது பக்கமும் விசிறி மாதிரி விரிந்தன. நடுக்கல்லின் நிழல் மட்டும் நேராக எங்கள் காலடிக்கு வந்தது.

விஞ்ஞானி அம்மா மண்டியிட்டுப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். மறுபடியும் கற்களைப் பார்த்தார்.

"சரியா வருதும்மா! சூரியனை நடுவுக்குக் கொண்டுவந்துடுங்க. நடுப்பாறை மூணைத் திருத்தினா போதும்."

அப்பாடா! போன உயிர் திரும்பி வந்தது. இரண்டு பேர் முன்னாலும் வெட்கமில்லாமல் அழுதேன்.

ஆறு மணிக்குள் சூரியன் நடுவில் உட்கார்ந்துவிட்டது. கீழ் மூலையில் பெயர் எழுதப் போனால், கை தானாகவே அளவெடுத்துக் கோடு போட்டது. ஊரார் பெயரையெல்லாம் கோடு போடாமல் எழுதிய கை அது.

"சூரியனை நகர்த்தினவன் பேரு கிடையாதா?" என்றார் வீட்டுக்காரர்.

"அதுக்கு வேற கோள் பார்த்துக்கோங்க."

சிரித்துக்கொண்டே பட்டிச் சட்டியைக் கழுவப் போனார். அவர் திரும்பி வருவதற்குள், என் பெயருக்குப் பக்கத்தில், அதே அளவில், அவர் பெயரையும் எழுதி முடித்தேன்.