பாதி இறங்கிய பாடம்

என் மனைவி ரமாபாய் இறந்த பிறகு, வீட்டுக் கம்ப்யூட்டர் அடிக்கடி தானாக அணைந்துபோனது. டோல்கேட்டில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் நண்பன் நீலமேகம் வந்து பார்த்தான்.

"டோரண்ட் ஓடிக்கினே கீது மாமு. மிஷினு சூடாயி நின்னுடுது. தூக்கிடவா?"

நம் கம்ப்யூட்டரில் இருப்பதை மற்றவர்கள் நெட் வழியாக இறக்கிக்கொள்ள விடும் அந்த டோரண்டில் இருந்தது ஒரே ஒரு ஃபைல். பார்வையற்ற மாணவர்களுக்காக ரமாபாய் வாசித்துப் பதிவு செய்த வரலாற்றுப் பாடம். யாரோ அதை இறக்கிக்கொண்டிருந்தார்கள். பாதிதான் போயிருந்தது.

"எடுத்துட்டா அவங்களுக்கு?"

"அத்தோட நின்னுடும். வேற யாராண்டயும் இந்த ஃபைல் இல்ல."

"அப்ப இருக்கட்டும்."

அவன் போனதும் மேசை விசிறியைக் கம்ப்யூட்டர் பக்கம் திருப்பினேன். அப்படியும் கம்ப்யூட்டர் மறுபடி அணைந்தது.

பதிவு செய்யும்போது தெருவில் கன்டெய்னர் லாரி ஹாரன் அடித்தால், ரமாபாய் சலிக்காமல் அந்தப் பக்கத்தை முதலிலிருந்து வாசிப்பாள்.

நான் சுவிட்சைப் போட்டேன்.