முன்சக்கரத்து எலுமிச்சம்பழம்

மலாய் நாட்டில் கூலாய் ஊருக்கும் ஸ்கூடாய் ஊருக்கும் நடுவில் ஒரு கல் நட்டிருந்தது. கல்லுக்கு வடக்கே கூலாய் ஊர்நிர்வாகப் போர்டின் ரோடு, தெற்கே ஸ்கூடாய் போர்டின் ரோடு. அப்போது அது வெறும் செம்மண் ரோடு, கண்ணுகளா. மழை பிடித்தால் அன்னாசி ஏற்றிவந்த மாட்டுவண்டி அச்சுவரை புதைந்து நிற்கும். ஒரு போர்டின் ஆள் அடுத்த போர்டின் குழியில் ஒரு கூடை மண்கூடப் போடமாட்டான். கல்லோடு அவன் வேலை தீர்ந்தது.

வடக்கே ரோட்டுக் கூலிகளுக்குத் தலைவன் மண்டோர் காளியப்பன். அவன் பெண்சாதி வெள்ளையம்மாதான் அந்தக் கூட்டத்துக்கு முன்கூடை. காலையில் முதல் கூடை மண்ணை அவள் கொட்டிய பிறகுதான் மற்றப் பெண்கள் வரிசையாகக் கொட்டுவார்கள். அந்த முதல் கூடையை அவள் யாருக்கும் விட்டதில்லை, காய்ச்சலிலும் விட்டதில்லை. தெற்கே முன்கூடை தனலெட்சுமி. வயதில் இளையவள், வாயில் எப்போதும் வெற்றிலையும் சிரிப்பும். கல்லுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று இருவரும் பார்த்துக்கொள்வார்களே தவிர, பேசிக்கொண்டதில்லை.

ஒருநாள் ஓவர்சியர் சிவசம்பு சைக்கிளை நிறுத்திவிட்டு இரண்டு கூட்டத்தையும் கல்லடிக்குக் கூப்பிட்டார்.

"இரண்டு போர்டும் சேந்து ரோடு உருட்டுற இஞ்சின் ஒண்டு எடுத்திருக்கினம். தனித்தனியா வாங்க வசதியில்லை. இனி நீங்கள் கட்டையாலை இடிக்கத் தேவையில்லை. ஒரு கிழமை அங்கை நிக்கும், ஒரு கிழமை இங்கை நிக்கும்."

"மொத பூசை எங்கங்கய்யா?" என்றான் காளியப்பன்.

"இந்தக் கல்லடியிலைதான். இரண்டு பக்கமும் ஒவ்வொரு துண்டு ரோடு புதுசாப் போடுங்கோ. எந்தக் கூட்டத்தின்ரை மண் மழைக்குத் தாக்குப்பிடிக்குதோ, அந்தக் கூட்டத்துப் பொம்பிளை சக்கரத்துக்குப் பழம் வைக்கட்டும்."

புது இஞ்சினுக்கு முதல் எலுமிச்சம்பழம் வைப்பதென்றால் சின்ன விஷயமா? இரண்டு ஊருக்கும் முன்கூடை யார் என்று அன்றே தெரிந்துவிடும். வெள்ளையம்மா தனலெட்சுமியைப் பார்த்தாள். அவள் வெற்றிலையை மென்றுகொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பு வெள்ளையம்மாவின் வயிற்றில் போய் உட்கார்ந்துகொண்டது.

வடக்கே மண்ணைப் போட்டார்கள். சாயங்கால மழை வந்து கரைத்தது. மறுபடி போட்டார்கள், மறுபடி கரைந்தது. தெற்கே மட்டும் போட்ட மண் போட்டபடி கிடந்தது.

"அவங்க துண்டு கரையவே இல்ல புள்ள. என்னமோ பண்றா அந்தத் தனலெட்சுமி. கைராசி" என்றான் காளியப்பன், சோற்றைப் பிசைந்துகொண்டே.

"சோத்தப் பாத்துத் தின்னுங்க."

"நல்லாருக்குன்னுதானே சொன்னேன்."

"ரசம் வேணும்னா அந்தக் கைராசிக்காரிகிட்டயே போய் வாங்கிக் குடிங்க."

"கோவிச்சுக்கிறியே. போய் ஒரு வார்த்த கேட்டாதான் என்னவாம்?"

"யாரு, நானா?"

கேட்கமாட்டாள். ஆனால் மறுநாள் வேலை முடிந்ததும் ரப்பர் மரத்தடியில் ஒளிந்து நின்று பார்த்தாள். தெற்கே ஒரு வண்டி வந்தது. வண்டி நிறைய, அன்னாசித் தோட்டத்தில் பிடுங்கிப்போட்ட பழைய செடிகளின் தோகை. தனலெட்சுமி முன்னால் நின்று இறக்கச் சொன்னாள். அதற்குள் மழை தூறவே வெள்ளையம்மா வீட்டுக்கு ஓடிவந்துவிட்டாள். காலையில் வேலைக்குப் போகும்போது கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தாள். தெற்கே வெறும் செம்மண். ஒரு தோகையைக் காணோம்.

அவள் மனசு கணக்குப் போட்டது. அத்தனை தோகையும் எங்கே போயிருக்கும்? உள்ளே போட்டுப் புதைத்திருக்கிறாள், கள்ளி.

"தோகைய அடியில போட்டு மேல மண்ணக் கொட்டணும்" என்றாள் புருஷனிடம்.

"கண்ணால பாத்தியா?"

"பாத்தேன்."

பொய்யில்லை. பாதியைப் பார்த்திருந்தாள். மீதியைப் பொறாமை பார்த்துச் சொன்னது.

தனலெட்சுமி ஒரு வண்டி போட்டாளென்றால் வெள்ளையம்மா இரண்டு வண்டி போட்டாள். தோகை முள் கையைக் கிழித்தது. துணியைச் சுற்றிக்கொண்டு பரப்பினாள். மேலே செம்மண்ணைக் கனமாகக் கொட்டி இடித்தார்கள். நல்ல வேளையோ கெட்ட வேளையோ, அந்த வாரம் மழை வலுக்கவில்லை. துண்டு எடுப்பாக, தெற்கைவிடக் கொஞ்சம் உயரமாகவே நின்றது.

"மிதிச்சா மெத்த மாதிரி அமுங்குதேக்கா" என்றாள் கூடைக்காரி கிருஷ்ணம்மா.

"இறுகிக்கும். நீ வாய மூடிக்கிட்டு நட."

இஞ்சின் கூலாய் ரயிலடியில் இறங்கி, புகை விட்டுக்கொண்டு வடக்கேயிருந்து வந்தது. ஓட்டி அவாங் என்கிற மலாய்க்காரர். கல்லடியில் சூடமும் தேங்காயும் தயார். வெள்ளையம்மா நல்ல எலுமிச்சம்பழமாகப் பொறுக்கி, யாருக்கும் தெரியாமல் மடியில் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். தனக்குத்தான் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

கல்லுக்கு வர இஞ்சின் அவள் துண்டைத் தாண்டவேண்டும். பாதி தாண்டியது. பிறகு முன்சக்கரம் மெல்லக் குனிந்தது, மாடு தண்ணீர் குடிக்கக் குனிகிற மாதிரி. மண் பிளந்து, அழுகிய தோகை நாற்றத்தோடு வெளியே பிதுங்கியது.

"அலமாக், ஐயையோ" என்றார் அவாங், மேலே உட்கார்ந்தபடியே.

தனலெட்சுமி வந்து ஒரு தோகையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"இத மேல போத்தணும்க்கா. சாயந்தரம் போத்திட்டு, விடிஞ்சதும் எடுத்து மதகுக்குப் பின்னால போட்டுருவோம். மழ மண்ண அடிக்காது. கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே."

ஏசியிருந்தால் வெள்ளையம்மா பதிலுக்கு ஏசியிருப்பாள். அந்தக் கனிவைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

இஞ்சினைத் தூக்க இரண்டு கூட்டமும் இறங்கவேண்டியதாயிற்று. தெற்கத்தி ஆட்கள் முதல்முறையாகக் கல்லைத் தாண்டி வந்து தோகையைத் தோண்டி எறிந்தார்கள். வடக்கத்திப் பெண்கள் கருங்கல் சுமந்து குழியை நிரப்பினார்கள். முதல் கூடைக் கல்லை வெள்ளையம்மாதான் கொட்டினாள்; அதையும் விட்டால் அவளுக்கு என்ன இருக்கிறது? உச்சி வெயிலில் இஞ்சின் ஏறிக் கல்லடிக்கு வந்து நின்றது.

"பழம் தனலெட்சுமிதான் வைக்கவேணும்" என்றார் சிவசம்பு. வெள்ளையம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

தனலெட்சுமி பழத்தோடு குனிந்தபோது அவாங் மேலேயிருந்து கையசைத்தார். "ஒண்ணு பத்தாது. முன்னால சக்கரம் டுவா. ரெண்டு."

பார்த்தால் உண்மைதான். தூரத்தில் ஒன்றாகத் தெரிந்த முன்சக்கரம், வளையும்போது ரோட்டைக் கிழிக்காமலிருக்க, ஒட்டினாற்போல் இரண்டு துண்டாக இருந்தது.

"இன்னொரு பழம் யாரிட்டை இருக்கு?" என்றார் சிவசம்பு.

எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். தனலெட்சுமி மட்டும் வெள்ளையம்மாவின் இடுப்பைப் பார்த்தாள்.

"மடியில உருண்டையா என்னக்கா?"

வெள்ளையம்மா கிழிந்த கையால் முடிச்சை அவிழ்த்துப் பழத்தை எடுத்தாள். யாரோ சிரித்தார்கள். தனலெட்சுமி சிரிக்கவில்லை, தள்ளி நின்று இடம் விட்டாள். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் குனிந்து வைத்தார்கள். சூடம் எரிந்தது, இஞ்சின் நகர்ந்தது, இரண்டு பழமும் நசுங்கின.

"என்னோடதுதான் மொதல்ல நசுங்குச்சு, பாத்தீங்கள்ல" என்றாள் வெள்ளையம்மா புருஷனிடம்.

"ரெண்டும் ஒண்ணாத்தான் புள்ள."

"ஒங்களுக்குக் கண்ணு அவ பக்கமே இருந்தா எப்படித் தெரியும்?"

அதன்பிறகு இரண்டு பக்கமும் தோகை போர்த்தினார்கள், கண்ணுகளா. ஒரே வண்டிதான் கல்லைத் தாண்டிப் போய்வந்தது. வெள்ளையம்மா மட்டும் தனலெட்சுமியைப் பார்த்துச் செய்ததாக இருக்கக்கூடாதென்று, தோகையைக் குறுக்கே போடாமல் ரோட்டோரத்து வாய்க்காலை நோக்கிச் சாய்த்துப் போட்டாள். மழைத்தண்ணீர் தோகையோடு வழிந்து நேரே வாய்க்காலில் விழுந்தது. மறுவாரம் தெற்கே எட்டிப் பார்த்தால், அங்கேயும் தோகை சாய்ந்து கிடந்தது.

"திருடி" என்றாள் வெள்ளையம்மா. அன்றைக்குத்தான் அவள் வயிறு நிறையச் சோறு தின்றாள்.