உப்பை விட்டவள்

குணமாலா கதவைத் தாழிட்டுவிட்டு அம்மாவின் மார்பிலிருந்து பழைய துணியைப் பிரித்துக்கொண்டிருந்தாள். துணி புண்ணோடு ஒட்டியிருந்தது. வெந்நீரில் நனைத்த பஞ்சை ஓரமாக வைத்து ஊறவிட்டால்தான் வரும். அப்படி வரும்போதும் சாந்திமதி பல்லைக் கடித்துக்கொண்டு உத்தரத்தைப் பார்ப்பாள்.

"மெதுவா, குணா. மூட்டை அவுக்குறாப்ல அவுக்காத."

"நேத்து மெதுவாப் பண்ணா, சீக்கிரம் முடின்ன."

"நேத்து சண்டை போடத் தெம்பு இருந்துது."

வெளியே கூடத்தில் பாய்களை உதறிப் போடும் சத்தம் கேட்டது. அப்பாவின் அக்காள் தயாவதி, வந்தவர்களைத் தாழ்ந்த குரலில் உட்காரச் சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு எல்லோரும் சேர்ந்து பஞ்ச நமஸ்கார மந்திரம் சொல்லத் தொடங்கினார்கள். கதவுக்கு இந்தப் பக்கம் அது தூரத்து மழை போலக் கேட்டது.

முதலில் காம்பைச் சுற்றி வெறும் சொறியாகத்தான் இருந்தது. சாந்திமதி புங்க எண்ணெய் தடவிக்கொண்டாள். வருடக்கணக்கில் தடவினாள், யாரிடமும் சொல்லவில்லை. காலும் முகமும் வீங்கி, சிறுநீரகம் கெட்டுவிட்டது என்று மெட்ராஸுக்குக் கூட்டிப்போனபோதுதான் அங்கிருந்த லேடி டாக்டர் ரவிக்கையைக் கழற்றச் சொன்னாள். அபூர்வமாக வருகிற புற்று, பார்க்கப் படை மாதிரியே இருக்கும் என்றாள். அறுத்து எடுக்கலாம் என்றால் இந்தச் சிறுநீரகத்தோடு மயக்க மருந்தைத் தாங்கமாட்டாள். சிறுநீரகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் புற்று காத்திருக்காது. டாக்டர் இதைச் சுவரைப் பார்த்தபடி சொன்னாள். உப்பே கூடாது, தண்ணீரையும் அளந்துதான் குடிக்கவேண்டும் என்றாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் சாந்திமதி கணவரிடம் ஒன்றுதான் சொன்னாள். "மாருல வந்துக்கீதுன்னு தெரிஞ்சா குணாவ எவன் கட்டுவான்? வாயத் தெறக்காதீங்க."

அதனால் உப்பில்லாத சோற்றைப் பார்த்து யாராவது கேட்டால், "விட்டுட்டேன், விரதம்" என்றாள். திருப்பருத்திக்குன்றத்தில், சமணர்களின் நயினார்கள் தெருவில் அதற்கு மேல் யாரும் கேட்கமாட்டார்கள். அங்கே ஒருவர் நெய்யை விடுவார், ஒருவர் வெல்லத்தை விடுவார். அவள் தண்ணீரை அளந்து குடிப்பதைப் பார்த்தபோது தெரு குரலைத் தாழ்த்திக்கொண்டது. குமட்டலில் சோறே இறங்காமல் போனபோது, கோயிலில் யாரோ அந்தச் சொல்லைச் சொன்னார்கள்: சல்லேகனை. உணவையும் பிறகு நீரையும் தானே ஒவ்வொன்றாக விட்டு, கலங்காமல் உயிர் விடுவது. எந்த முனிவரிடம் விரதம் வாங்கினாள் என்று ஒருவரும் விசாரிக்கவில்லை. அப்பா அபிநந்தன் பாத்திரக்கடையைப் பூட்டிக்கொண்டு தெருவுக்குள் வந்தால் வயதானவர்கள்கூட எழுந்து நின்றார்கள். அவர் மறுத்துச் சொல்லவில்லை. குணமாலாவும் சொல்லவில்லை.

புதுத் துணியைக் கட்டி முடித்து, மேலே புடவையை இழுத்துவிட்டாள்.

"குணா, தண்ணி குடு."

"இரு, எடுத்தாறேன்."

"டம்ளர் நெறைய குடு. அளக்காத."

அன்று காலை வந்த உள்ளூர் டாக்டர் மயில்வாகனம், இனிமேல் அளவு வேண்டாம், கேட்டதைக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். தண்ணீர்ப் பானை கூடத்து மூலையில் இருந்தது. குணமாலா கதவைத் திறந்தாள்.

முன்வரிசையில் வந்தவாசி அம்மாள் உட்கார்ந்திருந்தாள். போன சித்திரையில் மகனுக்காகக் குணமாலாவைப் பெண் பார்த்துவிட்டுப் போய், பதிலே சொல்லாதவள். விரதச் செய்தி வந்தவாசி வரைக்கும் போயிருந்தது.

குணமாலா டம்ளரை எடுத்ததும் மந்திரம் தடுமாறியது.

"யாருக்கும்மா?" என்றாள் தயாவதி.

"அம்மா கேக்குது, அத்தை."

"கேக்குறது ஒடம்பு, குணா. அவ கேக்கல." தயாவதியின் கண் நிறைந்திருந்தது. "எவ்ளோ கஷ்டப்பட்டுக் கொண்டாந்துக்கினு இருக்குறா. கடைசில கெடுத்துடாத, கண்ணு."

குணமாலா அப்பாவைப் பார்த்தாள். அவர் தன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா எந்த விரதமும் எடுக்கவில்லை என்று சொன்னால் போதும். அந்த வார்த்தைகள் அவள் வாயில் தயாராக இருந்தன. அவளுடைய பார்வை ஒருமுறை வந்தவாசி அம்மாளிடம் போய்த் திரும்பியது. ஒன்றும் சொல்லாமல் டம்ளரை நிரப்பிக்கொண்டு உள்ளே நடந்தாள். பின்னால் பெண்கள் எழுந்து வந்தார்கள்.

சாந்திமதி டம்ளரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நாக்கு உதட்டு ஓரத்துக்கு வந்தது. பிறகு மகளின் தோளுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தாள்.

குணமாலா அவள் தலையைத் தூக்கி டம்ளரை வாயில் வைத்தாள். உதடுகள் மூடிக்கொண்டன. தண்ணீர் தாடையில் வழிந்து கழுத்துப் பள்ளத்தில் தேங்கியது.

"குடிம்மா."

சாந்திமதி தலையை அசைத்தாள். எல்லோருக்கும் கேட்கும்படி, எங்கிருந்தோ தேடி எடுத்த குரலில், "வேணாம். விட்டுட்டேன்" என்றாள்.

பின்னால் யாரோ விசும்பினார்கள். வந்தவாசி அம்மாள் கைகூப்பி நின்றாள். குணமாலா இன்னொரு முறை டம்ளரை நீட்டியிருக்கலாம். முந்தானையால் அம்மாவின் கழுத்தைத் துடைத்துவிட்டு டம்ளரைத் தரையில் வைத்தாள்.

விளக்கு வைப்பதற்கு முன்பே சாந்திமதியின் மூச்சு நின்றுவிட்டது.

மறுநாள் காலை, உடம்பைக் குளிப்பாட்டப் பெண்கள் புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு எழுந்தார்கள். குணமாலா குளியலறை வாசலில் நின்றாள்.

"நான் மட்டும் போதும். நீங்க இருங்க."

"தனியா எப்பிடிம்மா?" என்றாள் தயாவதி. "தலைய யாரு புடிக்கிறது?"

"அம்மா அப்பிடித்தான் சொல்லிச்சி. வேற யாரும் தொடக்கூடாதுன்னு."

"அதுவும் விரதத்துல சேந்ததா?"

அபிநந்தன் நேற்றிலிருந்து முதல்முறையாக வாயைத் திறந்தார். "வுடுக்கா. அவளே செய்யட்டும்."

வந்தவாசி அம்மாள் தயாவதியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "இந்தப் பொண்ண எனக்குக் குடுத்துடுங்க. வருசம் கழிஞ்சி வந்து கூட்டிக்கினு போறேன்."

அப்பாவும் மகளுமாக உடம்பைத் தூக்கிவந்து கல்லில் கிடத்தினார்கள். அவர் வெளியே போனதும் குணமாலா கதவைத் தாழிட்டாள். துணியைப் பிரித்தாள். இன்று அது ஊற வேண்டியிருக்கவில்லை. புண்ணைக் கழுவி, வெள்ளைத் துணி வைத்து இறுகக் கட்டினாள். பிறகு அண்டாவிலிருந்து மொண்டு தலையில் ஊற்றினாள். வாய் இலேசாகத் திறந்திருந்தது. தண்ணீர் அதில் நிறைந்து, நின்று, கன்னத்தின் வழியாக வெளியே வந்தது. திரும்பவும் மொண்டாள். தோளிலும் காலிலும் ஊற்ற வேண்டும் என்பது மறந்துபோனது. வாயிலேயே ஊற்றிக்கொண்டிருந்தாள். அண்டா பாதிக்கு வந்துவிட்டது.

கதவுப் பலகைகளுக்கு நடுவே விரல் நுழைகிற இடுக்கு ஒன்று இருந்தது. குணமாலா அதன் வழியே பார்த்தாள். கதவின் அடியால் வெளியே ஓடிய தண்ணீர் முற்றத்துக் கல்லில் பரவிக்கொண்டிருந்தது. தயாவதி குனிந்து அதில் விரல்களை நனைத்துக் கண்களில் ஒற்றிக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் வந்தவாசி அம்மாள் குனிந்தாள். அதற்குப் பின்னால் மற்றவர்கள், ஒருவரையொருவர் இடிக்காமல், தங்கள் முறைக்காக நின்றார்கள்.

குணமாலா சொம்பை மறுபடியும் அண்டாவுக்குள் விட்டாள்.