இருட்டினால் பேசும் பெட்டி

பழைய சாமான் கடை வைத்திருப்பவனுக்குப் பொருளைப் புகழ்வதுதான் பிழைப்பு. ஆனால் அந்த ரேடியோவை என்ன சொல்லிப் புகழ்வது? பகல் முழுக்க மாவு சலிக்கிற மாதிரி ஒரே இரைச்சல். எதிர்ச்சாரி சலூன்காரர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணே, இது ஊமை. ஊமைக்கு ஏத்த விலையா சொல்லுங்க" என்றார்.

"மீடியம் வேவ் பெட்டிங்க. வெயில் இருக்கிற வரைக்கும் தூரத்து ஸ்டேஷன் எடுக்காது. பொழுது சாஞ்சதும் வாங்க, உலகத்தையே கூப்பிட்டு நிறுத்தறேன்" என்றேன். உண்மையைச் சொல்லி நான் விற்கப் பார்த்த முதல் பொருள் அதுதான்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்தார். டியூப் லைட் எரிந்தால் கரகரக்கும் என்று அணைத்துவிட்டேன். முள் ஓடுகிற கண்ணாடிக்குப் பின்னால் மட்டும் மஞ்சளாக ஒரு வெளிச்சம். குமிழை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினேன். தெரியாத பாஷைக் குரல்கள் ஒவ்வொன்றாகத் தலை தூக்கி, மூச்சு வாங்கி, மறுபடி முங்கின. எங்கேயோ ஒருத்தி மழைக்குள்ளிருந்து பாடினாள். கடையில் அடுக்கிக் கிடந்த பீரோவும் கட்டிலும் அந்த வெளிச்சத்தில் கட்டவிழ்த்த படகுகள் போல மெல்ல ஆடுவதாகத் தோன்றியது. சலூன்காரர் பேரம் பேச மறந்துபோனார்.

மாடியிலிருந்து டீயோடு என் மனைவி இறங்கி வந்தபோது, தமிழ்க் குரல் ஒன்று மிதந்து வந்தது. "தென்மேற்கிலிருந்து பலத்த காற்று வீசும். அலைகள் ஓர் ஆள் உயரம் எழும்பும்..."

டம்ளர் தட்டை அவள் பக்கத்துக் கட்டிலில் வைத்துவிட்டாள். "என்னங்க, இது தம்பி!"

என் மச்சினன்தான். என் கடையில் வேலைக்கு இருந்தவன். ஃபேன் வாங்க வந்தவரிடம், "சத்தம் மட்டும்தான் சார் வரும், காத்து வராது" என்று சொல்லிக் கெடுத்தவன். "உன் வாயை வச்சுக்கிட்டு வேற எங்கயாவது போய்ப் பொழச்சுக்கோ!" என்று கத்தினேன். பாவி, அப்படியே செய்திருக்கிறான். என் ஃபேனில் காற்று வராது என்றவன், இப்போது ஒரு கடலுக்கே காற்றுச் சொல்லிக்கொண்டிருந்தான்.

அன்று படியிறங்கும்போது அக்காவிடம் அவன் சொன்னது ஒரே வார்த்தை: "போறேன்." 'வர்றேன்' இல்லை. அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. அந்த இல்லாத வார்த்தையைத்தான் அவள் இத்தனை வருஷமாகச் சுமந்துகொண்டிருந்தாள்.

"நேயர்களே, கடல் வானிலை இத்துடன் முடிந்தது. நான் போ..."

அலை அவனை இழுத்துக்கொண்டது.

"போறேன்னானா, போயிட்டு வர்றேன்னானா?" அவள் பெட்டியோடு காதை ஒட்டிக்கொண்டாள்.

"எனக்கு 'போ' வரைக்கும்தான் கேட்டுச்சு" என்றேன்.

"எனக்கும் அதேதான்க்கா" என்றார் சலூன்காரர். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "அண்ணே, ஊமைன்னது தப்பு. நீங்க சொன்ன விலைக்கே எடுத்துக்கறேன்."

"வேணாங்க. பகல்ல ஊமை, ராத்திரியில உளறல். முள்ளு நடுங்குது. பெட்டியில கரையான் வேற."

"கரையானா? இது பிளாஸ்டிக் பெட்டிண்ணே." சிரித்தார். "சொந்தச் சரக்கை வையற வியாபாரியை இன்னைக்குத்தான் பாக்கறேன். வச்சுக்கோங்க. ஆனா நாளைக்கு நானும் வருவேன், அக்கா தம்பி என்ன சொல்றாருன்னு தெரியாம எனக்குக் கத்தி ஓடாது."

மறுநாள் இருட்டியதும் மூன்று பேரும் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்தோம். டீயை யாரும் தொடவில்லை. குரல் வந்தது, தேய்ந்தது, மறுபடி வந்தது. காற்று தணிந்திருக்கிறதாம், சிறு படகுகள் போகலாமாம். அலையிடம் பேரம் பேச முடியாது என்று தெரிந்தும், 'இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்' என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

"நேயர்களே, நான் போயிட்டு..." இரைச்சல் எழும்பியது. மனைவியின் விரல்கள் என் மணிக்கட்டை நெரித்தன. இரைச்சலுக்கு அடியிலிருந்து, ஈரத்தோடு, அது ஏறி வந்தது. "...வர்றேன்."

அவள் பெட்டியின் மேல் கையை வைத்தாள்.

"பாத்துப் போயிட்டு வாடா" என்றாள்.