ஏரிக் கருடனும் இரண்டு கைகளும்

இந்திராணிக்குக் கை இரண்டுதான். கேமராவின் நீண்ட லென்ஸைத் தாங்கவே அவை போதவில்லை. அதில் கருடனுக்கு எங்கிருந்து பங்கு கொடுப்பது? அவளுக்கும் மாமியார் வெங்கடம்மாவுக்கும் மூன்று வருடமாக ஓயாத சண்டை இதுதான்.

வடமாலபேட்டையில் வானத்தில் ஒரு கருடன் வட்டமடித்தால் போதும். பேருந்துக்கு நிற்பவர், கத்தரிக்காய் பொறுக்குபவர், ஸ்கூட்டரில் போகிறவர் எல்லாரும் இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டு 'கோவிந்தா' என்பார்கள். ஸ்கூட்டர்க்காரர் வண்டியை நிறுத்திவிட்டுப் போட்டுக்கொண்டால் நல்லது, பலர் நிறுத்துவதில்லை. பெருமாளையே சுமக்கிற பறவையைக் கண்டும் காணாததுபோல் போக யாருக்கு மனசு வரும்? இந்திராணிக்கு வந்தது. கருடனைக் கண்டால் அவள் கை கேமராவுக்குத்தான் போகும்.

கல்யாணங்களுக்குப் படம் எடுப்பது அவள் தொழில். திருப்பதி மண்டபங்களில் அவளுக்கு நல்ல பேர். தாலி ஏறும்போது கூட்டமே அட்சதை போடும். அவள் இன்றுவரை ஒரு பிடி போட்டதில்லை. ஒரு தாலியைத் தவறவிட்டதும் இல்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் திமிர்கூட உண்டு. இருக்கட்டுமே, வேலை தெரிந்தவளுக்கு அந்த அளவு திமிர் அழகுதான்.

முகூர்த்தம் இல்லாத காலைகளில் ஏரிக்கரைக்குப் போய்விடுவாள். அங்கே மருதமரத்து உச்சியில் ஒரு ஜோடிக் கருடன் குடித்தனம் நடத்தியது. வெள்ளைத் தலை, செம்மண் நிறச் சிறகு. கொஞ்சம் பெரியதாக இருந்ததைப் பெண் என்று இந்திராணி முடிவு செய்திருந்தாள். மீன் பிடித்து வருவது ஆண். அதைப் பிடுங்கிக்கொண்டு முறைப்பது பெண். இந்தக் காட்சியை அவள் எத்தனையோ தடவை எடுத்துவிட்டாள், ஒவ்வொரு தடவையும் சிரிப்பு வந்தது.

முதல் படத்தைப் பெரிதாகப் போடத் திருப்பதிக்குக் கொண்டுபோனபோது, பிரிண்ட் கடை ஸ்ரீஹரி அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தான்.

"அக்கா, இதி அமெரிக்கா கழுகு கதா? நெட்ல எடுத்தீங்களா?" என்று தெலுங்கு கலந்து கேட்டான்.

இந்திராணிக்குச் சுள்ளென்று ஏறியது. "அமெரிக்காவா? எங்க வடமாலபேட்டை ஏரிப்பா. கீழ துணி தொவைக்கிற கல்லு கீது பாரு. அமெரிக்காவுல எவன் கல்லுல துணி தொவைக்கிறான்?"

கல்லைப் பார்த்த பிறகுதான் அவன் நம்பினான்.

ஆனால் கூடு நிலைக்கவில்லை. முதல் வருடம் சூறைக்காற்று கூட்டையே கீழே தள்ளியது. அடுத்த வருடம் குஞ்சு பொரிந்த கையோடு குரங்குகள் ஏறி நாசம் செய்தன. இரண்டு தடவையும் வெங்கடம்மாவின் தீர்ப்பு ஒன்றுதான்.

"சாமியக் கண்டா கையெடுத்துக் கும்புடாம கண்ணாடிய நீட்டிக்கினு நின்னா இன்னா ஆவும்? உன் கண்ணுதாம்மே பட்டுச்சு."

"ரெண்டு கையும் இதுலயே கீது அத்த. வுட்டா கீழ வுழுந்து ஒடஞ்சி பூடும்."

"ஒடையட்டும். அடுத்த வருசமும் குஞ்சு பொழைக்கலன்னா அந்தக் கண்ணாடி ஏரிப்பக்கம் போவக் கூடாது. இப்பவே சொல்லிட்டேன்."

இந்திராணி "சரி அத்த" என்று சொல்லிவிட்டாள். கோபத்தில் சொன்னதல்ல. அவள் மனசின் ஒரு மூலையிலும் அந்தச் சந்தேகம் உட்கார்ந்திருந்தது. அதுதான் அவளுக்கு வலித்தது.

இந்த வருடம் ஒரே ஒரு குஞ்சு. அது தலை தூக்கியதை எடுத்தாள், முதன்முதலாக மீனைத் தானே கிழித்ததை எடுத்தாள், கூட்டின் விளிம்பில் நின்று சும்மா சிறகடித்துப் பார்த்ததை எடுத்தாள். பங்குனி வெயில் ஏறியது. இனி பறக்க வேண்டியதுதான் பாக்கி. தினமும் போய் நின்றாள்.

அன்று காலை வெங்கடம்மா டிபன் டப்பாவோடு கரைக்கே வந்துவிட்டாள். "துன்னாம வந்துட்டியே" என்பது சாக்கு. கண் மரத்து உச்சியில் இருந்தது. பெரிய கருடன்களைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டவள், குஞ்சைக் கண்டதும் கையை இறக்கிவிட்டாள்.

"இது இன்னாமே, பழுப்பா கீது? கருடன் கூட்டுல பருந்துக் குஞ்சு எப்டி வந்துச்சு?"

"கருடன் குஞ்சுதான் அத்த. தல வெளுக்க வயசாவணும்ல? உனுக்கு மட்டும் பொறக்கும்போதே நரச்சிருந்துச்சா?"

வெங்கடம்மா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் குஞ்சு குதித்துவிட்டது.

பறக்கவில்லை, விழுந்தது. சிறகு விரிந்தும் காற்று பிடிக்காமல் தண்ணீரை நோக்கி இறங்கியது. வெங்கடம்மா "ஐயோ" என்று மருமகளின் முந்தானையைப் பிடித்தாள். இந்திராணிக்கு மூச்சு நின்றது, விரல் நிற்கவில்லை. தாமரை இலைகளை உரசும் உயரத்தில் அந்தப் பழுப்புச் சிறகுகள் ஒரு தரம் பலமாக அடித்தன. இன்னொரு தரம் அடித்தன. குஞ்சு எழும்பியது. எழும்பி, தள்ளாடி, அவர்கள் இருவரின் தலைக்கு மேலேயே வந்தது. பின்னாலேயே தாயும் தகப்பனும் கத்திக்கொண்டு வந்தன.

"கோவிந்தா! கோவிந்தா!" வெங்கடம்மா படபடவென்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். இந்திராணிக்கும் கை துடித்தது. என் கண் படவில்லை, என் கண் படவில்லை என்று மனசு உள்ளுக்குள் கூவியது. இந்தத் தடவை கும்பிட்டுவிடலாம் என்று லென்ஸைக் கொஞ்சம் இறக்கினாள்.

"எறக்காதம்மே! நீ எடு!" என்று அதட்டினாள் வெங்கடம்மா. "உன் பங்கு நான் போடுறேன்."

சொன்னபடியே மருமகளுக்குப் பின்னால் வந்து நின்று, எட்டி, அவள் கன்னம் இரண்டிலும் பட்பட்டென்று போட்டாள். கேமராவும் சேர்ந்து ஆடியது. இந்திராணி அழுதுகொண்டே அமுக்கினாள்.

திருப்பதியில் ஸ்ரீஹரி படங்களைத் திரையில் ஒவ்வொன்றாகத் தள்ளினான். தாமரைக்கு மேல் எழும்பும் படம் கண்ணாடிபோல் இருந்தது. அதைத்தான் பெரிதாகப் போடுவாள் என்று நினைத்தான். அவள் கடைசிப் படத்தைக் காட்டினாள். மூன்று பறவைகளும் கலங்கி, தலைக்கு இரண்டு தலையாகத் தெரிந்தன.

"அக்கா, இது ஷேக் ஆயிருக்கு."

"தெரியும். அதப் போடு."

இன்று அந்த வீட்டுக் கூடத்தில் நல்ல படம் சின்னதாகவும் ஆடிய படம் பெரிதாகவும் மாட்டியிருக்கின்றன. வருகிறவர்கள் பெரியதைப் பார்த்துவிட்டு, ஏன் இப்படி மங்கலாக இருக்கிறது என்று கேட்பார்கள். இந்திராணியின் புருஷன் திருமலை பதில் சொல்ல எழுந்தால் வெங்கடம்மா கையமர்த்திவிடுவாள்.

"எங்க ஏரிக் கருடன், எங்க மருமவ எடுத்தா" என்பாள். "ஆட்டுனது நானு."