தலைவலி அத்தியாயம்

ஆங்கில இலக்கியத் துறையில் இரண்டு கட்சிகள் இருந்தன. பழைய இங்கிலாந்து நாவல் ஒன்றில் விளக்கு எரிந்தால், அது என்ன விளக்கு, என்ன விலை, யார் துடைத்தார்கள் என்று ஒரு கட்சி கேட்கும். அந்த விளக்கு எதைக் குறிக்கிறது என்று மற்றக் கட்சி கேட்கும். இரண்டும் ஒரே மாடியில் எதிரெதிர் அறைகளில் குடியிருந்தன. இரண்டுக்கும் பொதுவாக இருந்தது ஒரு தேநீர்க் கெண்டி மட்டும்தான். அதை யார் கழுவுவது என்பதிலும் தகராறு.

முனைவர் பட்ட ஆய்வு மாணவி சின்னவள் இரண்டாவது கட்சி. அவளுடைய வழிகாட்டிக்கு மாணவர்கள் 'குறியீடு' என்று பெயர் வைத்திருந்தார்கள். மழை வந்தால்கூட அது எதற்குக் குறியீடு என்று முடிவு செய்த பிறகுதான் மனிதர் குடையை விரிப்பார் என்று கேலி பேசுவார்கள். எதிர் அறைப் பேராசிரியைக்குப் பெயர் 'கடைக்காரம்மா'. அந்தக் காலத்து விலைப்பட்டியல், மருந்து விளம்பரம், வீட்டு வைத்தியப் புத்தகம் என்று அவள் அறை முழுக்கப் பழைய காகிதம். நாவலைப் படிக்கிறாளா, பழைய பேப்பர் கடை வைத்திருக்கிறாளா என்று சின்னவளும் சேர்ந்து சிரித்ததுண்டு.

சின்னவள் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது, பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு பெண் எழுதி நாதியற்றுக் கிடந்த மூன்று பாக நாவல். அதன் நாயகி கல்யாணமாகிப் புது வீட்டுக்கு வருகிறாள். வசதியான வீடு. ஆனால் குளிர்காலம் தொடங்கியதும், மாலையில் விளக்கேற்றிக் கதவைச் சாத்தியதும் அவளுக்குத் தலைவலி பிடித்துக்கொள்கிறது. புருஷன் பத்திரிகையிலிருந்து தலை நிமிர்வதில்லை. 'வாய் பேச முடியாதவளுக்குத் தலை பேசுகிறது' என்று சின்னவள் எழுதினாள். குறியீடு அந்த வரிக்கு அடிக்கோடு போட்டு, பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லி மகிழ்ந்தார். ஆய்வேட்டின் உயிரே அந்த அத்தியாயம்தான்.

அந்த அத்தியாயம் எழுதிக்கொண்டிருந்தபோதுதான் அவளுடைய அக்கா பெரியவளுக்கும் தலைவலி வந்தது.

பெரியவள் வீட்டிலேயே துணி தைப்பவள். கூடத்து மூலையில் தையல் மெஷின். பக்கத்தில் மாமியாருடைய நாற்காலி, மாமியாருடைய டிவி, மாமியாருடைய அபிப்பிராயங்கள். குளிர் தொடங்கும் முன் சின்னவள்தான் போய்ச் சண்டை போட்டாள். பின்பக்கம் தட்டுமுட்டுச் சாமான் போட்டிருந்த சின்ன அறையை ஒழித்து, மெஷினை உள்ளே தள்ளி, கதவுக்கு உள்பக்கம் தாழ் போட வைத்தாள். ஜன்னல் இடுக்கில் ஊதல் காற்று வந்தது. அக்காளும் தங்கையுமாகச் சிரித்துக்கொண்டே டேப் ஒட்டி அடைத்தார்கள். முன்பு குடியிருந்தவர்கள் விட்டுப்போன காஸ் ஹீட்டர் ஒன்று சுவரில் இருந்தது. பற்றவைத்தால் கொஞ்சம் அடம்பிடித்துவிட்டு மஞ்சளாக எரிந்தது.

"இனிமே கதவைச் சாத்திட்டு நிம்மதியா தை. யார் கூப்பிட்டாலும் திறக்காதே," என்றாள் சின்னவள்.

"ஆமா, மகாராணி அந்தப்புரம்," என்று பெரியவள் சிரித்தாள். ஆனால் முகம் மலர்ந்துதான் இருந்தது. அதைப் பார்த்துச் சின்னவளுக்கு மனசு நிறைந்தது.

இரண்டு வாரம் போகவில்லை, பெரியவள் போன் செய்தாள். "சாயங்காலமானா தலை வெடிக்குதுடி. வாந்தி வர்ற மாதிரி இருக்கு."

டாக்டர் பிரஷர் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், மாத்திரை எழுதினார். மாத்திரை தீர்ந்தது, தலைவலி தீரவில்லை. சின்னவள் அடிக்கடி வந்து கட்டிலில் உட்கார்ந்து, எப்போது வருகிறது, எப்போது விடுகிறது என்று துருவித் துருவிக் கேட்டாள். அன்பு இல்லாமல் கேட்கவில்லை. ஆனால் கேட்கக் கேட்கக் கண்ணில் ஒரு பளபளப்பு ஏறியது. நாவலில் இருந்ததெல்லாம் அப்படியே இங்கே இருந்ததே!

"இத்தனை வருஷமா அடக்கி அடக்கி வெச்சிருந்தே. இப்பத்தான் உனக்குன்னு ஒரு கதவு கிடைச்சிருக்கு. உள்ளே இருந்ததெல்லாம் வெளியே வருது. வரட்டும்க்கா, பயப்படாதே."

"என்னவோ போ. எனக்குத் தலைவலி, உனக்குப் பட்டம்," என்றாள் பெரியவள், நெற்றியை அழுத்திக்கொண்டு. ஹீட்டருக்கு மேலே சுவரில் படிந்த கறையை அவள் ஈரத்துணியால் துடைப்பதும், நாலு நாளில் அது மறுபடி படிவதும் வழக்கமாகியிருந்தது.

பெரியவளின் புருஷன் டயர் கடை வைத்திருந்தார். வாய் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று பயப்படுகிற ரகம். மைத்துனியைக் கண்டால் "வாங்க டாக்டரம்மா" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அவரே ஒரு நாள் வாசல்வரை கூடவே வந்து, செருப்பைப் பார்த்தபடி நின்றார்.

"அந்த ரூம் எனக்குப் பிடிக்கலை. பழையபடி கூடத்துக்கே வரச் சொல்லேன். நீ சொன்னாத்தான் கேட்பா."

"ஏன் பிடிக்கலை அத்தான்?"

"சொல்லத் தெரியலை. அன்னிக்கு உள்ளே உக்காந்து அலமாரி மாட்டினேன்ல, எனக்கே தலை சுத்திப் போச்சு. என்னவோ மாதிரி இருந்துச்சு."

சின்னவளுக்குச் சுரீரென்று கோபம் வந்தது. "அவ கதவைச் சாத்திக்கிறது உங்களுக்குப் பிடிக்கலைன்னு நேரா சொல்லிடுங்க அத்தான்."

அவர் முகம் விழுந்துவிட்டது. அப்புறம் அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை. சின்னவள் பஸ்ஸில் போகும்போதே அடுத்த பத்தியை மனதில் எழுதி முடித்துவிட்டாள். அவருக்குத் தலை சுற்றியதை மட்டும் அதில் எங்கே வைப்பது என்று தெரியவில்லை, விட்டுவிட்டாள். பொருந்தாததை விட்டுவிடுவது எழுதுகிறவர்களுக்குக் கைவந்த கலை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள்; ஆய்வேட்டில் மறைக்கலாம், அடிக்குறிப்புகூடத் தேவையில்லை.

வைவா என்கிற வாய்மொழித் தேர்வு அன்று குளிர் எலும்பைக் கடித்தது. காலையில் பெரியவள் போன் செய்தாள். குரல் வாயில் பஞ்சை வைத்துக்கொண்டு பேசுவதுபோல இருந்தது.

"நல்லா பண்ணுடி. எனக்கும் இன்னிக்கு முடிக்க வேண்டிய துணி மலையா கிடக்கு. மாமியார் அவங்க மக வீட்டுக்குப் போயிருக்காங்க. கதவைச் சாத்திட்டு உக்காரப் போறேன்."

"தலைவலி?"

"அது எங்கே போகும்? ஹீட்டரைப் போட்டா அதுவும் வந்து கூட உக்காந்துக்கும்."

இருவரும் சிரித்தார்கள். பிறகு சின்னவள் புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டு கிளம்பினாள்.

தேர்வு அறையில் நீள மேசை. ஒரு பக்கம் குறியீடு, பெற்ற தகப்பனைப்போலப் பூரித்த முகத்தோடு. எதிரே கடைக்காரம்மா, மடியில் ஒரு பழைய பையோடு. கேள்விகள் சுமுகமாகத்தான் தொடங்கின. சின்னவள் தண்ணீர் பட்ட பாடாகப் பதில் சொன்னாள். ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் குறைந்துகொண்டு வந்தது.

கடைக்காரம்மா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டாள். "அந்தப் புது வீட்டுல என்னம்மா விளக்கு?"

"காஸ் விளக்கு மேடம். அது அந்த வர்க்கத்தோட அந்தஸ்துக்கு ஒரு..."

"அது இருக்கட்டும். வருஷா வருஷம் கூரைக்கு வெள்ளையடிக்கிறாங்க, இல்லையா? உங்க அத்தியாயத்துல அது மறைக்கப்பட்ட குற்ற உணர்ச்சின்னு எழுதியிருக்கீங்க. அந்தக் காலத்து வீட்டுக் குறிப்புப் புத்தகம் எதை எடுத்தாலும் இதே புலம்பல்தான். காஸ் எரிஞ்சா கூரை கறுக்கும், தொட்டிச் செடி வாடும், கதவைச் சாத்தி வெச்சா தலைவலி வரும்."

குறியீடு சிரித்தார். "மேடம், நாம நாவல் படிக்கிறோமா, வீட்டு வைத்தியம் பார்க்கிறோமா?"

கடைக்காரம்மா அவர் பக்கம் திரும்பவில்லை. "எனக்கு ஒரே சந்தேகம்மா. மூணாம் பாகத்துல, எஜமானிக்குத் துணையா வேலைக்காரப் பொண்ணு அந்த அறையில உக்கார்றா. அவளுக்கும் தலை சுத்துது. அந்தப் பக்கத்தை நீங்க தொடவே இல்லை. எஜமானியோட தலைவலி அவ பேச முடியாத பேச்சுன்னா, வேலைக்காரிக்கு ஏன் வருது?"

நல்ல கேள்வி. ஆனால் சின்னவளிடம் இதற்கும் பதில் இருந்தது. "மேடம், எஜமானியோட வலி வேலைக்காரியோட உடம்புக்கும் கடந்து போகுது. ஏன்னா அந்த அறைக்குள்ள யார் போனாலும்..."

வாய் நின்றுவிட்டது.

யார் போனாலும். அத்தான் வாசலில் செருப்பைப் பார்த்தபடி நின்றது கண்முன் வந்தது. உள்ளே போனேன், எனக்கே தலை சுத்திப் போச்சு.

"சொல்லும்மா," என்றார் குறியீடு.

அவள் பையைத் திறந்து போனை எடுத்தாள். வைவா நடுவில் போனை எடுத்த மாணவியை அந்தத் துறை அதுவரை கண்டதில்லை. அக்கா எண்ணுக்கு அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. மறுபடி அடித்தாள். கதவைச் சாத்திட்டு நிம்மதியா தை, யார் கூப்பிட்டாலும் திறக்காதே. அவளே சொன்னதுதான். மூன்றாவதாக அத்தானுக்கு அடித்தாள்.

"அத்தான், வீட்டுக்கு ஓடுங்க. அந்த ரூம் கதவை உடைங்க."

"என்னம்மா சொல்றே?"

"உடைங்க அத்தான்! அது தலைவலி இல்லை, அந்த ஹீட்டர்! ஓடுங்க!"

அவள் கத்தியது தாழ்வாரம் முழுக்கக் கேட்டது. குறியீடு எழுந்து, "உட்காரும்மா, முடியப் போகுது," என்றார். அவள் படியிறங்கிவிட்டாள். ஆய்வேடு மேசைமேல் தலைவலி அத்தியாயத்தில் திறந்தபடி கிடந்தது.

ஆஸ்பத்திரியில் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் பெரியவளைக் கிடத்தியிருந்தார்கள். முகத்தில் மூச்சுக் கருவி. கண் திறந்துதான் இருந்தது. ஆனால் புருஷன் முகத்தை அது சுவரைப் பார்ப்பதுபோலப் பார்த்தது. அத்தான் தோளில் சட்டை கிழிந்து தோல் உரிந்திருந்தது. கதவு சுலபத்தில் உடையவில்லையாம். நல்ல தாழ்.

"பிழைச்சுக்குவாங்க," என்றார் டாக்டர். சின்ன வயசுக்காரர். "ஹீட்டர்ல இருந்து வந்த கார்பன் மோனாக்சைடு விஷவாயு. மூளைக்கு ஆக்சிஜன் போகாம எவ்வளவு நேரம் இருந்தாங்கன்னு தெரியலை. நினைவு எந்த அளவுக்குத் திரும்பும்னு இப்பச் சொல்ல முடியாது. இதுக்கு முன்னாடி ஏதாவது தொந்தரவு இருந்துச்சா? எப்ப வரும், எப்படி வரும்? யாருக்காவது தெரியுமா?"

அத்தான் சின்னவளைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பாள்.

"தலைவலி," என்றாள் அவள். "சாயங்காலம்தான் வரும். குளிர் அதிகமான நாள்ல சீக்கிரமே வந்துடும். கூடவே குமட்டல். கதவைச் சாத்தினா கூடும். கடைத்தெருவுக்குப் போனா விட்டுடும். தைக்காத நாள்ல வரவே வராது. ஹீட்டருக்கு மேலே சுவர்ல கறை படியும், துடைச்சா மறுபடி படியும். ஜன்னலை டேப் போட்டு அடைச்சிருந்தோம். அந்த ரூம்ல உக்காந்த இன்னொருத்தருக்கும் தலை சுத்துச்சு."

வைவாவில் நின்றுபோன வாய், இப்போது தடையில்லாமல் ஓடியது. டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார்.

"இவ்வளவும் உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சு என்னங்க பண்ணீங்க?"

"எழுதினேன்," என்றாள் சின்னவள்.