இன்னொரு கல்லூரி

டெல்மார்ஷ் கல்லூரியில் அந்தச் சனிக்கிழமை பெற்றோருக்கு ஒரு வேலையும் இல்லை. மெரிட் ஸ்காலர்ஷிப்பின் கடைசிச் சுற்றுக்கு வந்த பிள்ளைகள் அறை அறையாக நேர்காணலுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். பெற்றோர் ஓரமாக உட்கார்ந்து காபி குடித்து, சிரித்த முகமாக இருந்தால் போதும். ரோண்டா கோவாச்சுக்கு அதுகூடக் கைவரவில்லை.

"அம்மா, யார்கிட்டயும் எதுவும் பேசாத. காபி குடி, சிரி, அவ்வளவுதான்" என்று மகள் ஜோசி காரிலேயே சொல்லி அழைத்து வந்திருந்தாள். ஓஹையோவின் பனியில் வருஷக்கணக்காகப் பள்ளிப் பேருந்து ஓட்டி, பின்னால் கூச்சல் போடும் பிள்ளைகளை ஒரே அதட்டலில் அடக்குகிறவளை வாயை மூடிக்கொண்டு இருக்கச் சொன்னால் அவள் என்னதான் செய்வாள்?

ஜோசி கெட்டிக்காரி. ஆனால் கெட்டிக்காரத்தனத்தைக் கொண்டுபோய்க் கட்டணம் கட்ட முடியாது. கஷ்டப்படுகிறவர்களுக்கான உதவி இவர்களுக்குக் கிடையாது. விட்டுப்போன கணவனின் சம்பளத்தையும் கல்லூரி கணக்கில் சேர்த்துக்கொள்கிறது. அந்தச் சம்பளத்தில் ஒரு காசு வீட்டுக்கு வருவதில்லை என்பதை யாரும் சேர்த்துக்கொள்வதில்லை. மிச்சம் இருந்த ஒரே வழி இந்த ஸ்காலர்ஷிப்தான். கிடைத்தால் டெல்மார்ஷ், கிடைக்காவிட்டால் வீட்டிலிருந்தே போய்வருகிற பக்கத்து ஊர் அரசுக் கல்லூரி. வேறெங்கும் ஜோசி விண்ணப்பிக்கவே இல்லை.

சேர்க்கை அலுவலகத் தலைவர் ஃபென்விக், காபிக் கோப்பையோடு ஒவ்வொரு பெற்றோராகப் பார்த்துப் பேசிக்கொண்டே வந்தார். கழுத்தில் பட்டாம்பூச்சி மாதிரி போ டை கட்டிய, நல்ல மாதிரியான மனிதர்.

"உங்க பொண்ணுக்கு இந்த இடம் பிடிச்சிருக்கா?"

இப்படிக் கேட்டால் எந்தத் தாய்தான் வாயை மூடிக்கொண்டிருப்பாள்.

"பிடிச்சிருக்காவா? சார், அவ வேற எந்தக் காலேஜுக்கும் அப்ளையே பண்ணல. பக்கத்து ஊரு காலேஜுக்குக் கடைசி நாள்ல நான்தான் திட்டி எழுத வெச்சேன். ரெண்டு வருஷமா உங்க பேர் போட்ட ஸ்வெட்டரைப் போட்டுக்கிட்டுத்தான் தூங்குறா. நீங்க பணம் குடுக்காட்டியும் கடன் வாங்கியாவது இங்கதான் வருவேன்னு நிக்கிறா."

"கேக்கவே சந்தோஷமா இருக்கு மிஸஸ் கோவாச்" என்றார் ஃபென்விக்.

ரோண்டாவுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. பேருந்து வேலைக்கு அவள் போனபோதும் இப்படித்தான். இந்த வேலையைத் தவிர எனக்கு வேறு கதியில்லை என்று சொன்னாள், கொடுத்துவிட்டார்கள். யாருக்கு ஆசை அதிகமோ அவர்களுக்குத்தானே கொடுப்பார்கள்.

மதியச் சாப்பாட்டில் பக்கத்தில் உட்கார்ந்தவள் மெரிடித். கனெக்டிகட்டிலிருந்து மூன்றாவது பிள்ளையை அழைத்து வந்தவள். சூப்பைக் குடித்துக்கொண்டே ரோண்டா காலையில் நடந்ததைப் பெருமையாகச் சொன்னாள். மெரிடித் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"அதை ஏங்க சொன்னீங்க?"

"உண்மையைத்தானே சொன்னேன்."

"உண்மைதான். ஆனா எப்படியும் வரப்போற பிள்ளைக்கு அவங்க எதுக்குப் பணம் குடுக்கணும்? வேற பெரிய காலேஜுக்குப் போயிடுமோன்னு பயப்படுற பிள்ளைக்குத்தான் குடுப்பாங்க. எங்க பையன் பட்டியல்ல இது நாலாவது காலேஜ்தான். அதைக் கொஞ்சம் நாசூக்கா அவர் காதுல போட்டுட்டுத்தான் வந்தேன்."

ரோண்டா அதற்குமேல் சாப்பிடவில்லை. மெரிடித் அவள் கையைத் தட்டிக்கொடுத்து, அப்படியெல்லாம் ஒன்றும் ஆகாது என்றாள். அந்த ஆறுதல்தான் அவளை இன்னும் பயமுறுத்தியது.

திரும்பும் வழியில் ஜோசிதான் பேசினாள். நெடுஞ்சாலையில் ஏறுகிற இடத்தில், சீட்டில் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டு சொன்னாள்.

"அம்மா, ஒண்ணு சொன்னா திட்டக் கூடாது."

"என்னடி?"

"உள்ள ஒரு பொய் சொல்லிட்டேன். இன்னொரு காலேஜ்ல எனக்கு முழு ஸ்காலர்ஷிப் குடுத்துட்டாங்க, அங்கயா இங்கயான்னு யோசிச்சிட்டு இருக்கேன்னு. அப்படிச் சொன்னாத்தான் மதிப்பாங்கன்னு ஸ்கூல்ல சொன்னாங்க. நம்பிட்டாங்கன்னுதான் நினைக்கிறேன்."

ஒரு அறையில் மகள், இல்லாத கல்லூரி ஒன்றை உண்டாக்க, அடுத்த அறையில் தாய் அதை இடித்துத் தள்ளியிருக்கிறாள். இனி ஜோசி எப்படியும் வரப்போகிற பிள்ளை மட்டுமல்ல, பொய் சொல்கிற பிள்ளையும்கூட. திங்கட்கிழமை தேர்வுக் குழு கூடும்போது இரண்டு பேச்சும் ஒரே மேஜைக்கு வந்துவிடும்.

அடுத்து வந்த பெட்ரோல் நிலையத்தில் காரைத் திருப்பினாள்.

"என்னாச்சும்மா?"

"ஸ்கார்ஃபை அங்கயே விட்டுட்டேன். அஞ்சு நிமிஷம்."

கல்லூரி வாசலில் ஜோசியைக் காரிலேயே இருக்கச் சொல்லிவிட்டு உள்ளே ஓடினாள். கூடத்தில் ஃபென்விக் மட்டும் நாற்காலிகளை மடக்கிச் சுவரில் சாய்த்துக்கொண்டிருந்தார்.

"சார், காலையில நான் சொன்னது தப்பு" என்றாள் ரோண்டா. மூச்சு வாங்கியது. "வேற எங்கயும் அப்ளை பண்ணலன்னு சொன்னேன்ல. பண்ணியிருக்கா. இன்னொரு காலேஜ்ல குடுத்தும் இருக்காங்க. எனக்குத்தான் மறந்துபோச்சு."

வாழ்க்கையில் அவள் பொய்யே சொன்னதில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் சொன்ன ஒவ்வொன்றும் மாட்டிக்கொண்டிருக்கிறது. அப்படி ஒரு முகம் அவளுக்கு.

"அப்படியா, நல்ல விஷயம்தானே" என்றார் ஃபென்விக். குரலில் குத்தலே இல்லை. "எந்தக் காலேஜ்?"

ரோண்டா ஜோசியிடம் அதைக் கேட்கவே இல்லை. தன் பேருந்தில் ஏறுகிற ஒவ்வொரு பிள்ளையின் பெயரும், அதன் தம்பி பெயரும், வீட்டு நாயின் பெயரும் தெரிந்தவளுக்கு ஒரு கல்லூரியின் பெயர் வாயில் வரவில்லை. தப்பாக ஒன்றைச் சொல்லிவிட்டால் மகள் இன்னும் ஆழமாக மாட்டிக்கொள்வாள். ஃபென்விக் மடக்கிய நாற்காலியைப் பிடித்தபடி பொறுமையாகக் காத்திருந்தார். அந்தப் பொறுமையை அவளால் தாங்க முடியவில்லை.

"அது வந்து சார்..."

"அப்படி ஒரு காலேஜே இல்ல சார்."

எல்லாவற்றையும் கேட்டபடி வாசலில் ஜோசி நின்றிருந்தாள். கையில் அம்மாவின் ஸ்கார்ஃப்.

"நான்தான் பொய் சொன்னேன். காலையில அம்மா சொன்னதுதான் உண்மை. அவங்களுக்குப் பொய் சொல்ல வராது, விட்டுடுங்க."

ஃபென்விக் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். கையிலிருந்த நாற்காலியை மெதுவாகச் சுவரில் சாய்த்தார்.

"ரோட்டுல ஐஸ் இருக்கு. பாத்துப் போங்க" என்றார் கடைசியில்.

வெளியே வந்ததும் ஜோசி ஸ்கார்ஃபை அம்மாவின் கழுத்தில் சுற்றிவிட்டாள்.

"சீட்டுலயேதாம்மா கிடந்துச்சு."

ரோண்டா அழுதாள். ஜோசி அழவில்லை, அதைத்தான் பார்க்க முடியவில்லை. வண்டியைக் கிளப்பி, நெடுஞ்சாலைக்கு வந்த பிறகுதான் ரோண்டாவால் பேச முடிந்தது.

"அந்தக் காலேஜ் பேரு என்னடி?"

"இனிமே எதுக்கும்மா?"

"சொல்லு."

"லோர்ன்."

ரோண்டா ஓட்டிக்கொண்டே அதை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். சின்னப் பெயர்தான். தெரிந்திருந்தால் சுலபமாகச் சொல்லியிருக்கலாம்.